பேங்க் விழுந்தால் தாங்கிப் பிடிக்கிறார்கள், பட்டறை விழுந்தால்?

கேள்வி: ஐயா, சேலம் சிவதாபுரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். மெஷின் வாங்க வீட்டை அடமானம் வைத்து 18 லட்சம் கடன் வாங்கினோம். மூன்று வருடம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு ஆர்டர் குறைந்துவிட்டது. இப்போது இரண்டு தவணை பாக்கி. தினமும் போன் வருகிறது, ராத்திரி எட்டரைக்குக்கூட. வீடு ஏலத்துக்குப் போய்விடும் என்று மிரட்டுகிறார்கள். பெரிய பேங்க் நஷ்டப்பட்டால் அரசாங்கம் கோடி கோடியாகக் கொட்டித் தூக்கிவிடுகிறது. எங்களை யார் தூக்கிவிடுவார்கள்? இது என்ன நியாயம்?

இன்னொன்று. ஏற்காடு நாகலூரில் இருக்கும் என் மாமனார், காபியும் மிளகும் விற்றுச் சேர்த்த 9 லட்சத்தை ஒரே பேங்கில் போட்டு வைத்திருக்கிறார். லட்சுமி விலாஸ் பேங்க் முடங்கியபோது பட்ட பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தெரிந்தவர் ஒருவரிடம் வட்டிக்கு விடப்போகிறேன் என்கிறார். விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். தவறிய முதல் தவணையின் தேதியிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் ஆகிறது? 90 நாளைத் தாண்டினால் உங்கள் கடனை வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு தவணைதான் பாக்கி என்றால் அநேகமாக இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். பொறுமை இல்லையென்றால் நேராக அங்கே போய்விடுங்கள், அப்புறம் வந்து இதைப் படியுங்கள்.

நியாயம் கேட்டிருக்கிறீர்கள். 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான், கடைசி ஒன்பது வருடம் கடன் பிரிவில். இதே கேள்வியை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளியே கூட்டம் நிற்கும், அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு முழுசாகவே சொல்கிறேன்.

உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்குப் பத்துக் கிலோ வெள்ளி வேலையில் இருக்கிறது என்று வையுங்கள். கொஞ்சம் கம்பியாக, கொஞ்சம் சலங்கையாக, பற்றவைத்தது பாதி, மெருகுக்குப் போனது மீதி. அதில் உங்கள் சொந்த வெள்ளி ஒரு கிலோ இருந்தால் பெரிது. மற்ற ஒன்பது கிலோவும் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் உங்களை நம்பிக் கொடுத்த கட்டி. கணக்கில் வெள்ளி குறைந்தால் முதலில் உங்கள் ஒரு கிலோவில்தான் கழியும். அது தீர்ந்த பிறகும் குறைந்தால் அடுத்தவர் வெள்ளியில் கை வைத்தாகிவிட்டது. அப்படி ஒரு பட்டறையில் நடந்தது என்று தெரிந்த அன்று சாயங்காலம் தெருவில் என்ன ஆகும்? எல்லா வியாபாரியும் எல்லாப் பட்டறை வாசலிலும் வந்து நிற்பார்கள். பாதி பற்றவைத்த கொலுசை அந்த நிமிஷமே கட்டியாக மாற்றித் திருப்பிக் கொடுக்க யாரால் முடியும்? ஒழுங்காக நடந்த பட்டறையும் அன்றைக்கு மாட்டிக்கொள்ளும்.

வங்கியும் இப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு கிலோவுக்கு அங்கே மூலதனம் என்று பெயர். கொடுத்த கடன்களின் அபாயத்தை எடைபோட்டு, 100 ரூபாய்க்குக் குறைந்தது 9 ரூபாயாவது சொந்த மூலதனம் இருக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டரை ரூபாய் கூடுதல் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மற்றதெல்லாம் உங்கள் மாமனாரைப் போன்றவர்கள் போட்ட பணம். நாகலூரில் மிளகு விற்ற காசு ஏதோ ஒரு கிளையில் டெபாசிட்டாக விழுகிறது, சுற்றி வந்து சிவதாபுரத்தில் ஒரு மெஷினாக நிற்கிறது. வங்கித் தொழிலால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அவர் நாளைக்கே பணத்தைக் கேட்கலாம். உங்களால் ஏழு வருடத்தில்தான் திருப்பிக் கட்ட முடியும். இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சமாளிப்பதுதான் வங்கியின் வேலை. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வங்கியைக் காப்பாற்றினார்கள் என்று செய்தி வந்தால், எந்தக் கிலோவைக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். ஒன்பது கிலோவையா, அந்த ஒரு கிலோவையா? முதலாளி போட்ட ஒரு கிலோ போக வேண்டும். அடுத்தவர் கொடுத்த ஒன்பதும் திரும்ப வேண்டும். அப்படி நடந்தால் அது சரியான காப்பாற்றல் என்பேன். முதலாளியின் கிலோவையும் சேர்த்து ஊர்ப்பணத்தில் காப்பாற்றினால் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம்.

உங்கள் மாமனார் பயந்த அந்தக் கதையையே பார்ப்போம். லட்சுமி விலாஸ் வங்கி 1926ல் கரூரில் தொடங்கியது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பின்னால் பெரிய கம்பெனிக் கடன்கள் பக்கம் போய் அடிபட்டது. மூன்று வருடம் தொடர்ந்து நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. 2020 நவம்பர் 17 சாயங்காலம் முடக்கம் அறிவித்தார்கள். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், கார்த்திகை பிறந்துவிட்டது, முகூர்த்த மாதம். ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மறுநாள் காலை சேலத்தில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த டெபாசிட் ரசீது. பேத்தி கல்யாணம் பன்னிரண்டாம் நாள். ரசீதைக் கையில் கொடுக்காமல், விரித்துப் பிடித்தபடியே "இது காகிதமாப் போச்சுங்களா?" என்று கேட்டார். கல்யாணம், மருத்துவம், படிப்புக்கு அனுமதி வாங்கிக் கூடுதலாக எடுக்க அந்த உத்தரவிலேயே வழி இருந்தது. அதைச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். எழுதி முடிக்கிறவரை அவர் ரசீதை விடவில்லை.

நவம்பர் 27ம் தேதி அந்த வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. பத்தே நாள். டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் புது மூலதனம் கொண்டுவந்தது. டெபாசிட் போட்ட யாருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு மதிப்பு பூஜ்யம், முழுசாகத் துடைத்துவிட்டார்கள். அதில் பெரும் புள்ளிகளும் இருந்தார்கள், நம்ம ஊர் வங்கி என்ற பாசத்தில் நூறு இருநூறு பங்கு வாங்கி வைத்த கரூர், சேலம், நாமக்கல் பென்ஷன்தாரர்களும் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் விதி சரியான விதி. பங்கு வாங்கியவர் முதலாளி, லாபத்தில் பங்கு உண்டென்றால் நஷ்டத்திலும் உண்டு.

அதே வருடம் மார்ச்சில் யெஸ் வங்கி. ஸ்டேட் வங்கி முன்னின்று சில வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு பணம் போட்டது. டெபாசிட் பத்திரமாக இருந்தது. மூலதனத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட சுமார் 8,400 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களைப் பூஜ்யமாக்கினார்கள், வழக்கு இன்னொரு பக்கம் ஓடியது. எல்லாரும் இவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் இல்லை. 2019ல் முடங்கிய மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்குப் பணம் முழுசாகத் திரும்பப் பத்து வருடம் வரை என்று திட்டம் போட்டார்கள்.

யாருமே காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி விழுந்தது. நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த வலியிலிருந்துதான் மறு வருடம் இந்தியன் வங்கி பிறந்தது. 1960ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. 1962ல் டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது, அப்போது 1,500 ரூபாய் வரைக்கும்தான்.

சரி, நீங்கள் சொன்ன கோடி கோடி எது? அது அரசு வங்கிகளுக்குப் போட்டது. 2004க்குப் பிறகு மின்சாரம், இரும்பு, சாலை என்று பெரிய திட்டங்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். திட்டங்கள் நின்றன. 2014ல் உச்ச நீதிமன்றம் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது, மின் நிலையங்கள் சில நிலக்கரி இல்லாமல் தவித்தன. மறைத்து வைத்திருந்ததையெல்லாம் 2015ல் ரிசர்வ் வங்கி தோண்டி வெளியே எடுத்தது. 2018 மார்ச்சில் அரசு வங்கிகள் கொடுத்த 100 ரூபாய்க் கடனில் 14 ரூபாய் 60 காசு வாராக்கடன். அரசு 2016-17 முதல் 2020-21 வரை ஐந்து வருடத்தில் 3 லட்சம் கோடிக்கு மேல் மூலதனம் போட்டது. பெரும்பகுதியைக் கடன் பத்திரம் மூலம் போட்டார்கள்: அரசு பத்திரம் எழுதிக் கொடுக்கும், வங்கி தன்னிடமுள்ள பணத்தில் அதை வாங்கும், அந்தப் பணத்தை அரசு அதே வங்கியில் பங்காகப் போடும். அசலுக்குக் கஜானாவிலிருந்து நோட்டுக்கட்டு போகவில்லை. ஆனால் அந்தப் பத்திரத்துக்கு வருடா வருடம் வட்டி பட்ஜெட்டிலிருந்து போகிறது, அதில் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியும் உண்டு.

போடாமல் விட்டிருக்கலாமா என்றால், கூடாது. மூலதனம் இல்லாத வங்கியால் புதுக்கடன் கொடுக்க முடியாது. உங்கள் 18 லட்சமே வந்திருக்காது. பணமும் வீணாகிவிடவில்லை: 2024-25ல் அரசு வங்கிகள் 12ம் சேர்ந்து 1.78 லட்சம் கோடி லாபம் காட்டின, பங்குக்குரிய ஈவு அரசுக்கும் வருகிறது. அமெரிக்காவிலும் 2008ல் 700 பில்லியன் டாலர் வரை ஒதுக்கினார்கள், வங்கிகளுக்குப் போன பணம் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அரசுப் பணத்தில் பிழைத்த ஏஐஜி காப்பீட்டுக் கம்பெனி, மறு வருடமே, நஷ்டம் உண்டாக்கிய அதே பிரிவு ஆட்களுக்கு 165 மில்லியன் டாலர் போனஸ் கொடுத்தது. அதே சமயத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் தவணை கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தன. நீங்கள் கேட்பதும் அந்தக் கேள்விதான் என்று எனக்குப் புரிகிறது.

அநியாயம் எங்கே இருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நூற்றுக்கணக்கான கோடி வாங்கிய ஒரு கம்பெனி வட்டி கட்டவில்லை. வாராக்கடன் என்று எழுத வேண்டிய காலாண்டு நெருங்கியது. அதிகாரிகள் கூடினார்கள், டீ வந்தது, முடிவில் அந்த வட்டியைக் கட்டுவதற்கே ஒரு புதுக்கடன் கொடுத்தோம். மூன்று தடவை இப்படி நடந்தது. நாலாவது தடவை கம்பெனியே இல்லை. அதே வாரம் இரண்டு லட்சம் பாக்கி வைத்திருந்த ஒரு விசைத்தறிக்காரர் வாசலில் நிற்கிறார், அவருக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் தவறினால் வங்கிக்குத் தூக்கம் போகிறது, சின்னவர் தவறினால் அவருக்கே தூக்கம் போகிறது. வங்கியைக் காப்பாற்றியதை விட, இந்தப் பொறுமை ஒரு பக்கமாகவே போவதுதான் என்னை உறுத்துகிறது. 'தள்ளுபடி' என்று பேப்பரில் வருவது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து வைப்பதுதான், கடன்காரர் கட்ட வேண்டியது அப்படியேதான் இருக்கும் என்று வங்கிகள் சொல்கின்றன. சட்டப்படி அது உண்மை. திரும்பி வந்தது எவ்வளவு என்று பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்காது.

அந்தப் பொறுமை உங்களுக்கும் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒரு மறுவாழ்வு நடைமுறை கொண்டுவந்தது. 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்குப் பொருந்தும். தவணை தவறிய கணக்கை 30, 60, 90 நாள் என்று படி பிரித்துப் பார்த்து, வாராக்கடன் ஆவதற்கு முன்பே சரிசெய்ய வழி தேட வேண்டும் என்கிறது. உங்கள் கடன் 10 லட்சத்துக்கு மேல் என்பதால் கிளை மேலாளர் மட்டும் முடிவு செய்ய முடியாது, அதற்கென்று உள்ள குழுவிடம் போக வேண்டும். குழுவில் வெளியாள் ஒருவரும், மாநில அரசு தரப்பில் ஒருவரும் உண்டு. இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நாங்கள் சிறு தொழில் என்று சான்றோடு நீங்கள்தான் நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும், வீடு ஏலத்துக்கு வந்த பிறகு சொன்னால் எடுபடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆகவே சிறு தொழில் என்று அரசு தரும் உத்யம் சான்றிதழ் இல்லையென்றால் இன்றைக்கே இணையத்தில் எடுத்துவிடுங்கள், காசு கிடையாது. பிறகு தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மூன்று வருடம் தவறாமல் கட்டியதை முதல் வரியில் சொல்லுங்கள். அடுத்து காரணம்: வெள்ளி விலை ஏறியதால் அதே எடைக்கு இரண்டு பங்கு பணம் முடங்குகிறது, வியாபாரிகள் கட்டி கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். போன வருடமும் இந்த வருடமும் மாதாமாதம் எத்தனை கிலோவுக்குக் கூலி வாங்கினீர்கள் என்ற கணக்கை இணையுங்கள், ஜிஎஸ்டி தாக்கல் இருந்தால் அதையும். உங்களால் மாதம் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும்? அதை எழுதுங்கள், கூட்டி எழுத வேண்டாம். தவணைக் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள், பாக்கியை அசலோடு சேர்க்கக் கேளுங்கள். 2016 நடைமுறையின்படி குழுவின் முன் வைக்க வேண்டும் என்ற வரி கண்டிப்பாக இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வாருங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால். போனில் சொன்னது எதுவும் பிற்பாடு கணக்கில் வராது.

கடன் மாற்றி அமைக்கப்பட்டது என்று, யார் எப்படிக் கடன் கட்டினார்கள் என்பதைக் குறித்து வைக்கும் சிபில் பதிவில் ஏறும். சில வருடம் புதுக்கடன் கிடைப்பது கஷ்டமாகும். அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள், வீடு அதைவிட முக்கியம்.

ராத்திரி எட்டரை போனுக்கு: காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது 2022லிருந்து ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வந்த அழைப்புகளின் நேரத்தைக் குறித்து வங்கிக்கே புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. வீடு நாளைக்கே ஏலம் போகாது. வாராக்கடன் ஆன பிறகு 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அதற்கும் பிறகு கடன் மீட்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. அது வரை போகாமல் பார்த்துக்கொள்வோம்.

இனி மாமனார் விஷயம். தெரிந்தவரிடம் வட்டிக்கு விட வேண்டாம். ஒன்பது லட்சமும் ஒரே ஆளின் கையில், கேட்க நாதியில்லாமல் இருக்கும். வங்கி முடங்கினால் பத்து நாள் தவிப்பு, அந்த ஆள் முடங்கினால் யாரிடம் போய் நிற்பார்? டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம், ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, எத்தனை கிளையில் இருந்தாலும். வங்கி முடங்கினால் 90 நாளுக்குள் அந்தத் தொகை தர வேண்டும் என்று 2021ல் சட்டம் திருத்தினார்கள். ஆகவே நாலரை நாலரையாக இரண்டு வங்கியில் பிரித்துப் போடச் சொல்லுங்கள், வட்டி சேர்ந்து ஐந்தைத் தாண்டாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பகுதியைத் தபால் நிலையத்தில் போடுவதும் நல்லதுதான், அது அரசின் பொறுப்பு. கூட்டுறவு என்றால் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு, ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. சீட்டுக்கும் நகைக்கடைத் திட்டத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் கிடையாது.

டெபாசிட்டைப் பாதியில் உடைத்தால் வட்டி குறையும், முதிர்வுத் தேதி பார்த்து மாற்றச் சொல்லுங்கள். நாமினி பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், மலையில் இருக்கும் பல பெரியவர்களின் ரசீதில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

முத்திரை வாங்கிய நகலை எனக்கும் அனுப்புங்கள். குழு கூடும் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், எந்தெந்தக் கணக்கை எடுத்துப் போவது என்று பார்த்துவிடலாம்.